மாத்திரை பொடிக்க எந்தக் கவர்: எல்.டி.யா, வேக்குவமா, துணி உறையா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கள் பக்கத்தில் பெரிய வீடு இருக்கும், உள்ளே ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு அக்கா. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை இந்த வேலை உண்டு.

நான் பலகாரம் போடுகிறவர்களுக்குக் கவர் சப்ளை செய்கிறவன். சீப்புச் சீடைக்கும் மனகோலத்துக்கும் எந்தக் கவர், எந்த கேஜ் (கவரின் கன அளவு) என்பதுதான் என் தினசரிப் பேச்சு. கொஞ்ச காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது: "அண்ணே, மாத்திரை இடிச்சா கிழியாத கவர் இருக்கா?" கடையில் இருக்கும் சரக்கையும் வெளியில் கிடைப்பதையும் வைத்து, எதற்கு எது பொருந்தும் என்று எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., ரிடார்ட் என்று வந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கரைய வேண்டிய மருந்து. பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். பல வீடுகளில் உண்டு. அதைப் பொடிக்கக் கூடாது, சாதா மெட்ஃபார்மினுக்கு மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பான்டோபிரசோல் மாதிரி வயிற்று அமிலம் தொடாமல் இருக்கப் பூச்சுப் போட்ட மாத்திரைகளும் அப்படியே. மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றின் தூள், பொடிக்கிறவருக்கே ஆபத்து. அதை வீட்டில் தொடவே வேண்டாம். சீட்டை மருந்தாளரிடம் காட்டி எது பொடிக்கலாம், எதற்குச் சிரப் கிடைக்கும், எது தண்ணீரில் தானாகக் கரையும் என்று குறித்து வாங்கிக்கொண்டால், பொடிக்க வேண்டியதே பாதியாகக் குறைந்துவிடலாம். மீதிக்குத்தான் கவர்.

சரி, கவர் எப்படிக் கிழிகிறது? இது தெரியாமல் "கனமாக் கொடுங்க" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

முதல் காரணம் குத்து. மாத்திரை முதல் தட்டில் பொடியாவதில்லை, இரண்டு மூன்று துண்டாக உடைகிறது. அந்தத் துண்டுகளின் விளிம்பு கூராக இருக்கும். மேலே குழவி கல், கீழே கிரானைட் மேடை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிலிம், அதாவது கவரின் பிளாஸ்டிக் தாள், அந்த விளிம்பில் நசுங்கி ஓட்டையாகிறது. கால்சியம் மாத்திரை மாதிரி பெரிதாக, கெட்டியாக இருப்பவை இதில் மோசம்.

இரண்டாவது, சீல் விட்டுப்போவது. உள்ளே காற்றை வைத்து மூடி ஓங்கித் தட்டினால், காற்று போக வழியில்லாமல் சீலைப் பிளக்கும். கிழிந்த கவர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சீல் கோடு அப்படியே இருக்கும். அதன் உள் ஓரத்தில், சூட்டில் பிலிம் மெலிந்துபோன இடத்தில்தான் வாய் திறந்திருக்கும்.

மூன்றாவது தேய்வு. ஓட்டை விழாது, ஆனால் திரும்பத் திரும்ப நசுங்கிய இடம் வெள்ளையாக மங்கிப்போகும். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். அந்தச் சொரசொரப்பில் பொடி உட்கார்ந்துகொண்டு வராது. பார்க்க நல்ல கவர், கொடுக்கிற மருந்து குறைவு. கவரை எப்போது தூக்கிப்போட வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் அடையாளமும் இந்த வெள்ளைதான், ஓட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த மூன்றையும் பார்த்தால் கனத்தைவிட இழுபடும் குணம் முக்கியம் என்று புரியும். விறைப்பான பிலிம் குத்துக்கு எதிர்த்து நிற்கப் பார்த்துக் கிழியும். இழுபடுகிற பிலிம் விளிம்புக்கு இடம் கொடுத்து நீண்டுகொடுக்கும்.

அதனால் பி.பி. (பாலிபுரொப்பிலீன்) கவரை முதலிலேயே தள்ளிவிடலாம். தேன்குழல் பாக்கெட்டில் பளபளவென்று சரசரக்குமே, அதுதான். கண்ணாடி மாதிரித் தெளிவு, ஆனால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்தால் சர்ரென்று கடைசிவரை போகும். பாக்கெட்டைப் பிரிக்க அது வசதி, இடிக்க அது வினை. உருகுவதற்கு 160 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும் என்பதால், கவர் வாயைச் சூட்டில் ஒட்டும் கைமெஷினில் நாமே அதைச் சீல் போட்டால் ஒன்று ஒட்டாது, இல்லாவிட்டால் சுருங்கிவிடும். ஹெச்.எம். (அடர்த்தி கூடின பாலித்தீன்) கவரும் வேண்டாம், மெலிசு, மடித்த கோட்டில் விடும். சில்வர் கவரில் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. துண்டு மிச்சமிருக்கிறதா, பொடி மூலையில் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாத கவர் இந்த வேலைக்கு உதவாது.

ஜிப்லாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. அது எல்.டி. (அடர்த்தி குறைந்த பாலித்தீன்) பிலிம்தான், ஆனால் பெரும்பாலும் மெலிசு. அதைவிடப் பெரிய குறை அந்த ஜிப். அந்தப் பள்ளத்துக்குள் பொடி போய் உட்கார்ந்தால் குச்சி விட்டாலும் வராது. அடுத்த முறை ஜிப்பும் சரியாக மூடாது. அவசரத்துக்கு அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால், மாத்திரையை அடியில் போட்டு, காற்றை வழித்துவிட்டு, ஜிப்புக்குக் கீழேயே இரண்டு மடிப்பு மடித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜிப்பை மறந்துவிடுங்கள்.

இனி நிஜமான போட்டிக்கு வருவோம்.

எல்.டி. டியூப் ரோல், 400 கேஜ். 100 கேஜ் என்பது 25 மைக்ரான், ஆக இது 100 மைக்ரான். இந்தப் பிலிம் ஊதித் தயாராகும்போதே குழாய் வடிவில்தான் வருகிறது. அதை அப்படியே சுற்றினால் டியூப் ரோல். பக்கவாட்டில் சீல் கிடையாது. வேண்டிய நீளத்துக்கு வெட்டி அடியில் ஒரு சீல் போட்டால் கவர் ரெடி. சீல் என்பதே பலவீனமான இடம் என்று பார்த்தோம், இதில் அது ஒரே இடத்தில்தான். மாத்திரையை நடுவில் வைத்து நசுக்கினால் அந்த இடத்துக்கும் அடி படாது. 110 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகுவதால் எந்த மெஷினிலும் சுலபமாகச் சீலாகும். விலையும் கிலோக் கணக்குத்தான். குறை என்னவென்றால், சீக்கிரம் வெள்ளையாகிவிடும். கெட்டி மாத்திரையைக் கல்லால் இடித்தால் அன்றைக்கே ஊசி ஓட்டை விழும். மெதுவாக நசுக்குகிற வீட்டுக்கு இது தாராளம்.

வேக்குவம் கவர். கறி, மீன், மசாலா இதையெல்லாம் காற்றை உறிஞ்சி அடைக்கிறார்களே, அந்தக் கவர். வெளியே நைலான், உள்ளே பாலித்தீன். இரண்டும் சேர்ந்து பொதுவாக 70 முதல் 90 மைக்ரான் வரை இருக்கும். எல்.டி.யைவிடக் கனம் குறைவு, ஆனால் குத்துத் தாங்குவதில் எல்.டி. இதன் பக்கத்திலேயே வர முடியாது. எலும்பு முனை குத்தினாலும் காற்று உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே செய்த பிலிம் இது. சீலிலும் இதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு: மெஷின் சூட்டில் உள்ளே இருக்கும் பாலித்தீன் மட்டும் உருகி ஒட்டும், நைலான் உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் அது கெட்டியாக அப்படியே நிற்கும். அதனால் சீல் ஓரம் மெலிந்துபோகிற வம்பு குறைவு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு மெஷினுக்கென்று விற்கும் வேக்குவம் ரோலில் ஒரு பக்கம் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும், காற்று வெளியேறுவதற்காக. அந்தக் கோடெல்லாம் பொடிக்குப் பள்ளம். இரண்டு பக்கமும் வழவழவென்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சிலிக்கான் பை. கழுவலாம், வெந்நீர் ஊற்றலாம், வருஷக் கணக்கில் கிழியாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் தடிமனாக, மெத்தென்று இருப்பதால் அடியின் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. மாத்திரை உடைய மாட்டேன் என்கிறது. கழுவிவிட்டு உள்ளே ஈரம் நின்றால் அடுத்த வேளைப் பொடி பிசுக்காக ஒட்டும். முழுசாகக் காய வைக்க, இரண்டு மூன்று பை மாற்றி மாற்றி வேண்டும். என் கணக்கில் இது பணத்துக்குத் தகாது.

துணி உறை விஷயத்தில் எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு, ஆனால் துணியில் நேராகப் போட்டு இடிப்பதைச் சொல்லவில்லை. நெசவுக்குள் பொடி போனால் போனதுதான். நான் சொல்வது இரண்டடுக்கு: வெளியே கெட்டி காடாத் துணியில் தைத்த உறை, உள்ளே ஒரு மெலிசான கவர். அடியை உறை வாங்கிக்கொள்ளும், சுத்தத்தை உள்கவர் பார்த்துக்கொள்ளும். உள்கவராக 200 கேஜ் எல்.டி.யே போதும். பிளாஸ்டிக்கே வேண்டாம் என்றால் பட்டர் பேப்பர். நாட்டு மருந்துக் கடையில் சூரணம் மடித்துத் தருவார்களே, அதே பொட்டல மடிப்பு மடித்து உறைக்குள் செருகி, மேலே சப்பாத்திக் கட்டையை அழுத்தி உருட்டினால் பூச்சில்லாத மாத்திரைகள் அழகாகப் பொடியாகும். பேப்பரில் பொடி ஒட்டுவதும் குறைவு. இடித்தால் மட்டும் பேப்பர் தாங்காது, உருட்டத்தான் வேண்டும். உறையில் மெத்தை மாதிரிப் பஞ்சு வைத்துத் தைக்கக் கூடாது. மாத்திரை அமுங்கிக்கொண்டு உடையாது. உறையின் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும், உள்ளே எட்டிப் பார்க்க.

பொடி ஒட்டுவது என்றேனே, அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் மின்னேற்றம் வரும், நைஸான தூள் சுவரெல்லாம் ஏறிக்கொள்ளும். பங்குனி சித்திரையில், நம் ஊர் வறட்டுக் காற்றில், தட்டினாலும் கீழே வராது. பாராசிட்டமாலில் கொஞ்சம் ஒட்டினால் பரவாயில்லை என்று விடலாம். தைராய்டு மாத்திரை 25, 50 மைக்ரோகிராம். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் 0.25 மில்லிகிராம். மாத்திரை எடையில் மருந்து துளிதான், மீதியெல்லாம் நிரப்பு மாவு. சுவரில் எத்தனை பங்கு ஒட்டுகிறதோ அத்தனை பங்கு மருந்தும் போயிற்று. இதற்கு ஒரே வழி, கவருக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, கவர் கழுவின தண்ணீரையும் சேர்த்துக் கொடுப்பது. டியூப் வழியாகக் கொடுப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. ஆனால் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் ஊசி ஓட்டைகூட இருக்கக் கூடாது. இங்கேதான் வேக்குவம் கவர் மற்றதையெல்லாம் முந்துகிறது, பட்டர் பேப்பர் போட்டியை விட்டே போய்விடுகிறது.

தண்ணீர் நிற்கும் கவர் கையில் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். பூச்சில்லாத பல மாத்திரைகள் தண்ணீரில் சில நிமிஷம் ஊறினாலே தானாகக் குழைந்துவிடும். கவரில் மாத்திரையும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, வாயை மடித்து நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு விரலாலேயே கசக்கினால் போதும். கல்லும் வேண்டாம், சத்தமும் இல்லை. இப்படிச் செய்கிற வீட்டில் எல்.டி. கவரே நிறைய நாள் உழைக்கும்.

இனி வடிவம். கடையில் வேக்குவம் கவர் 6-க்கு 8 அங்குலத்தில் கிடைக்கும். ஒரு மாத்திரைக்கு அது பெரிது. பொடி பரவும் இடம் கூடினால் ஒட்டும் இடமும் கூடும். கவரின் நடுவில் நெடுக்காக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீல் கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவில் கத்தரித்தால் 3 அங்குல அகலத்தில் இரண்டு கவர். நீளம் 8 அங்குலமும் அப்படியே இருக்கட்டும். வெட்டாதீர்கள். அந்த நீளமான கழுத்தைத்தான் இரண்டு மூன்று மடிப்பு மடித்து மூடப்போகிறோம். அடியில் இரண்டு மூலையிலும் சாய்வாக ஒரு சீல் போட்டால் அடி புனல் வடிவத்துக்கு வந்துவிடும். மூலையில் பொடி தங்காது, தண்ணீர் விட்டுக் குலுக்கினபின் நுனியை வெட்டி நேராக டம்ளரில் இறக்கலாம். சீல் போட்டவுடன் இழுத்துப் பார்க்காதீர்கள், சூடு ஆறும்வரை மெஷினை அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். பாதி சீல் அங்கேதான் கெடுகிறது.

கவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தட்டுகிற இடம் சரியில்லை என்றால் நிற்காது. கிரானைட் மேடை ரொம்பக் கடினம். ஆத்தங்குடிக் கல் பாவின தரையில் வைத்துத் தட்டினால் கவரோடு கல்லும் போகும். கையால் வார்த்த சிமெண்டுக் கல், பூ விழுந்த இடத்தில் சில்லுத் தெறித்தால் அதே பூவுக்கு மாற்றுத் தேட வேண்டியதுதான். பலகை நல்லது, பழைய மணை இருந்தால் இன்னும் நல்லது. மரம் இம்மி அளவு அமுங்கிக்கொடுக்கும், பிலிமுக்கு அதுவே போதும். முதலில் அழுத்தி உடையுங்கள், அப்புறம் உருட்டுங்கள். ஓங்கி இடிக்கத் தேவையே வராது.

சிலர் கவரே எதற்கு, கல்வத்தில் போட்டு அரைத்தால் என்ன என்கிறார்கள். ஒரே ஆளுக்கு, ஒரே மருந்து என்றால் தாராளமாகச் செய்யலாம், கழுவித் துடைத்துவிட்டு. ஐயாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, ஆச்சிக்கு வேறு என்று மாறும்போது கல்லில் தங்கியது அடுத்தவருக்குப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் குட்டிப் பித்தளை உரல் பார்த்துவிட்டு, இதற்கென்று ஆசையாக வாங்கினவர்களும் உண்டு. முகப்பில் அலங்காரமாக வையுங்கள். என்ன கலவையில் வார்த்தது, இதுவரை எதை இடித்தது என்று தெரியாத பாத்திரத்தில் மருந்து வேண்டாம்.

எந்தக் கவரானாலும் வாங்கினதும் ஒன்றை எடுத்துச் சோதித்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் ஆகக் கெட்டியான மாத்திரை ஒன்றை, காலாவதியானதாக இருந்தாலும் சரி, எப்போதும் செய்வதுபோலவே பொடியுங்கள். பொடியைக் கொட்டிவிட்டு, சொட்டு நீலம் கலந்த தண்ணீரைக் கவரில் விட்டு, வாயை மடித்துப் பிடித்து, வெள்ளைத் துணிமேல் வைத்து அமுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் நீலப் புள்ளியாகத் துணியில் இறங்கும். புள்ளி நடுவில் விழுந்தால் பிலிம் போதாது, ஓரத்தில் வரிசையாக விழுந்தால் சீல் போதாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு: முதலாவதுக்குப் பிலிமை மாற்ற வேண்டும், இரண்டாவதுக்குச் சூட்டைச் சரிசெய்தாலோ இன்னொரு கோடு போட்டாலோ சரியாகிவிடும். அந்தச் சோதனைக் கவரை மறுபடி மருந்துக்கு எடுக்காதீர்கள்.

முடிவாக நான் என்ன கொடுப்பேன்? டியூப் போட்டிருக்கும் நோயாளி, அல்லது தைராய்டு, டிகாக்சின் மாதிரி அளவு தவறக் கூடாத மருந்து என்றால் யோசிக்காமல் வழவழப்பான வேக்குவம் கவர். மருந்துக்கு ஒரு கவர், மேலே மார்க்கரில் ஆள் பெயரும் மருந்துப் பெயரும். டியூப் வழியாகக் கொடுக்கும்போது எல்லா மருந்தையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகக் கொடுத்து, நடுவில் தண்ணீர் விடச் சொல்வார்கள். கவரும் தனித்தனியாக இருந்தால் அந்த ஒழுங்கு தானாக வந்துவிடும். வாயால் சாப்பிடுகிறவர், ஒன்றிரண்டு சாதா மாத்திரை, பொறுமையாகச் செய்ய ஆள் இருக்கிறது என்றால் துணி உறையும் பட்டர் பேப்பரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு 400 கேஜ் எல்.டி. டியூப், தண்ணீரில் ஊற வைத்துக் கசக்கும் முறையோடு. நாலைந்து பெரியவர்களை வைத்துப் பார்க்கும் இல்லங்கள் நெம்புகோல் வைத்த நசுக்கு மெஷினை வாங்கிவிடுவது நல்லது. அதில் அழுத்தம் பரவலாக விழுவதால் கவரும் நிற்கும், ஊழியர் மணிக்கட்டும் பிழைக்கும். அதற்கென்று வரும் கவர்கள் தீர்ந்தால் அளவு பார்த்து வேக்குவத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

குப்பைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை வந்தபின், ஒரு வேளைக்கு ஒரு கவர் என்று எறிய நமக்கே கை கூசுகிறது. எல்.டி. ஒரே பொருளால் ஆனது. கழுவிக் காய வைத்தால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் எடுத்துக்கொள்வார். வேக்குவம் கவரில் நைலானும் பாலித்தீனும் பிரியாமல் ஒட்டியிருப்பதால் அதை யாரும் எடுப்பதில்லை. அதனால் வேக்குவம் வாங்குகிறவர்கள் நுனியை வெட்டாமல், வாய் வழியாகவே ஊற்றி, அலசி, கவிழ்த்துக் காய வைத்து, அதே ஆளுக்கு அதே மருந்துக்கு வெள்ளை தட்டும்வரை வைத்துக்கொள்ளுங்கள். நுனி வெட்டுகிற முறையை டியூப் நோயாளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.